மேரிலாந்து கேரண்டி ஃபண்ட்: பாதியில் நின்ற வேலைக்கு எவ்வளவு பணம் திரும்பும்?

டிரைவால் (சுவரில் அடிக்கும் ஜிப்சம் பலகை) பாதி ஏறியிருக்கிறது, பாத்ரூம் குழாய் சுவரிலிருந்து வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறது, கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டத்தில் கோர்ட்டைத் தவிர இன்னொரு வாசல் உண்டு. மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் ஹோம் இம்ப்ரூவ்மென்ட் கமிஷன் நடத்தும் கேரண்டி ஃபண்ட் அது. இதில் இருப்பது வரிப்பணம் அல்ல, லைசென்ஸ் வாங்கும் கான்ட்ராக்டர்கள் கட்டும் தொகை. ஆகவே லைசென்ஸ் உள்ளவர் செய்த வேலைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாதவரிடம் மலிவு என்று வேலை கொடுத்தவர் கமிஷனில் புகார் தரலாம், அந்த ஆள் மேல் கிரிமினல் வழக்குகூட வரலாம், ஆனால் ஃபண்டிலிருந்து ஒரு டாலரும் வராது.

நல்ல ஏற்பாடுதான். வக்கீல் இல்லாமலே நடத்தலாம், கான்ட்ராக்டர் ஊரை விட்டே போயிருந்தாலும் பணம் வரும். ஆனால் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். மனக்கஷ்டத்துக்கோ கோபத்துக்கோ இங்கே விலை கிடையாது. மூன்று எண்களை வைத்துக் கூட்டிக் கழித்து வருவதுதான் தொகை.

கொடுத்த பணம், வேலையைச் சரிசெய்து முடிக்க இன்னொரு கான்ட்ராக்டர் கேட்கும் தொகை, பழைய ஒப்பந்தத் தொகை. இவையே அந்த மூன்று. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். ஒப்பந்தம் 48,000 டாலர், கொடுத்தது 30,000, மிச்ச வேலையை முடிக்கப் புதியவர் கேட்பது 29,000 என்று வையுங்கள். 59,000இல் 48,000 போனால் நஷ்டம் 11,000. அதே வேலையைப் புதியவர் 17,500க்கு முடித்துக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு நஷ்டமே இல்லை, 500 டாலர் மிச்சம் என்றுதான் கணக்கு சொல்லும். மூன்று மாதம் சமையலறை இல்லாமல் இருந்தது அந்தக் கணக்கில் வராது.

கான்ட்ராக்டர் ஒரு ஆணிகூட அடிக்காமல் மறைந்துவிட்டால் கணக்கு இன்னும் எளிது: கொடுத்த பணம் முழுவதும் நஷ்டம். கொஞ்சம் வேலை செய்துவிட்டுப் போனார், நீங்களும் வேறு ஆளை வைத்து முடிக்கப் போவதில்லை என்றால், கொடுத்த பணத்திலிருந்து செய்த வேலைக்கும் பொருளுக்கும் உள்ள மதிப்பைக் கழிப்பார்கள். அந்த மதிப்பை யார் சொல்வது என்பதில்தான் இழுபறி வரும். அதனால் பெரும்பாலானவர்களுக்குப் புதிய எஸ்டிமேட் வாங்கி முதல் கணக்கில் போவதே லாபம்.

இதற்கு மேல் உச்சவரம்புகளும் உண்டு. ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 30,000 டாலர். 2022 ஜூலைக்கு முன் இது 20,000தான், பழைய தகவலை இன்னும் சொல்பவர்கள் உண்டு. ஒரே கான்ட்ராக்டர் மீது எத்தனை பேர் கோரினாலும் எல்லோருக்கும் சேர்த்து 250,000 டாலர்தான். அது தீர்ந்தபின் அவர் அந்தத் தொகையை ஃபண்டுக்குத் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவருக்கு வழி. ஒரே ஆள் பத்து வீட்டில் டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) போட அட்வான்ஸ் வாங்கி ஓடியிருந்தால், தாமதிக்காமல் கோருவதே புத்திசாலித்தனம்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடும் வரம்பு இன்னொன்று. நீங்கள் அந்தக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக ஃபண்ட் ஒருபோதும் தராது. கூரை மாற்ற 20,000க்குப் பேசி 18,000 கொடுத்தீர்கள். வேலை படுமோசம், முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட 45,000 ஆகும். கணக்குப்படி நஷ்டம் 43,000, கையில் வருவதோ 18,000. மலிவான எஸ்டிமேட்டுக்கு ஆசைப்பட்டவருக்கு இந்த விதி மிகவும் வலிக்கும்.

ஹோட்டல் வாடகை, சாமான்களை வைத்த ஸ்டோரேஜ் செலவு, வேலைக்குப் போகாமல் போன சம்பளம், வக்கீல் ஃபீஸ், வட்டி, எதுவும் கிடையாது. கிரெடிட் கார்டு கம்பெனி மூலம் பணத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே திரும்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

எந்த வேலைக்குப் பொருந்தும்? ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் புதுப்பிப்பது, பழுதுபார்ப்பது, கூடுதலாகக் கட்டுவது. அதோடு டெக், வேலி, டிரைவ்வே, கராஜ், நீச்சல் குளம், தோட்ட வேலை. அணுகுண்டின் கதிர்வீச்சுத் தூசிக்குத் தப்பிப் பதுங்கும் அறையும் சட்டத்தின் பட்டியலில் இன்னும் இருக்கிறது, பனிப்போர் காலத்து மிச்சம். புது வீடு கட்டுவது இதில் வராது. அதற்கு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கீழ் 50,000 டாலர் வரம்புள்ள தனி ஃபண்ட் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் விண்ணப்பித்தால் மாதங்கள் வீணாகும்.

நம்மவர்களில் வாடகைக்கு விட்ட டவுன்ஹவுஸ்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் சிக்கல் இல்லை. குடியிருக்காத வீட்டுக்குக் கோருகிறீர்கள், மொத்தம் மூன்றுக்கு மேல் வீடுகள் உங்கள் பெயரில் உள்ளன என்றால் கோரிக்கை நிற்காது. கான்ட்ராக்டர் உங்கள் நெருங்கிய உறவினர் என்றாலும் இல்லை. சொந்தத் தம்பியிடம் வேலை கொடுத்துவிட்டு இங்கே வரமுடியாது.

இனி நடைமுறை. புகார் வேறு, கோரிக்கை வேறு. புகார் கான்ட்ராக்டரின் நடத்தை பற்றியது, கமிஷன் விசாரிக்கும். பணம் கேட்பதற்குத் தனி கோரிக்கைப் படிவம் உண்டு. புகார் கொடுத்தாயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கெடுவைத் தவறவிடக்கூடாது. நஷ்டம் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிவது முதல் மழையிலேயே தெரிந்தது என்றால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

கோரிக்கையை நிலைநாட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. கையெழுத்தான ஒப்பந்தம், பின்னால் சேர்த்த வேலைக்கான எழுத்து, பணம் கொடுத்ததற்குச் சான்று, தேதியோடு படங்கள், குறுஞ்செய்திகள், புதிய எஸ்டிமேட், இவ்வளவும் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் திண்டாடுவது இங்கேதான். செக் அல்லது வங்கிக் கணக்கு வழியாகக் கொடுப்பதே நல்லது, அதுவும் லைசென்ஸில் இருக்கும் பெயருக்கு. சேல்ஸ்மேன் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதிய எஸ்டிமேட்டில்தான் பல கோரிக்கைகள் இளைத்துப்போகின்றன. அதைத் தருபவரும் கமிஷன் லைசென்ஸ் உள்ளவராக இருக்கட்டும், அந்த லைசென்ஸ் எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 'பாத்ரூம் முடிக்க 22,000' என்ற ஒற்றை வரி எடுபடாது. பழைய ஒப்பந்தத்தில் இருந்த வேலை எது, அதில் எது முடியவில்லை, எது தவறாகச் செய்யப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்திருக்க வேண்டும். பழைய ஒப்பந்தம் லேமினேட் கவுன்டருக்கு, புதிய எஸ்டிமேட் குவார்ட்ஸுக்கு என்றால் அந்த வித்தியாசத்தை வெட்டிவிடுவார்கள். 'சரி, கையோடு கையாக அந்த அறையையும் மாற்றிவிடலாம்' என்று சேர்த்த வேலைக்கும் இதே கதி. கூடுதல் ஆசைகளைத் தனித் தாளில் வாங்குவது நல்லது.

புதியவர் பழைய வேலையை இடிக்கத் தொடங்குமுன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். ஷவர் டைலைப் பெயர்த்து எறிந்தபின், அடியில் நீர்த்தடுப்புச் சவ்வு போடவில்லை என்று நிரூபிப்பது கடினம். கவுன்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நிராகரித்த குறிப்பு இருந்தால் அது பொன்போல. வேலைக்கான கவுன்டி பெர்மிட்டைக் கான்ட்ராக்டர் எடுக்காமல் வீட்டுக்காரரை எடுக்கச் சொல்வது முதல் எச்சரிக்கை மணி.

கோபத்தில் செய்யும் ஒரு காரியம் கோரிக்கையையே கவிழ்த்துவிடும். வந்து சரிசெய்கிறேன் என்று கான்ட்ராக்டர் நேர்மையாக முன்வந்தும் நீங்கள் நியாயமில்லாமல் மறுத்துவிட்டால், ஃபண்ட் பணம் தர மறுக்கலாம். 'இனி என் வாசலை மிதிக்காதே' என்று செய்தி அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். குறைகளைப் பட்டியலிட்டு, தேதி குறித்து, அதற்குள் வந்து முடிக்கவும் என்று எழுத்தில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அவர் வரவில்லை என்றால் அந்தக் கடிதமே உங்கள் பக்கச் சாட்சி. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே நடுவரிடம் தீர்ப்பது) இருந்தால் ஃபண்டுக்கு வருமுன் அதற்கும் இணங்கியாக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைப் படிக்காதவர்களே அதிகம்.

விவகாரம் விசாரணைக்குப் போனால், மாநிலத்தின் நிர்வாக விசாரணை அலுவலகத்தில் நீதிபதி ஒருவர் கேட்பார். நேரிலும் நடக்கும், வீடியோ வழியாகவும் நடக்கும். ஃபண்ட் சார்பில் அரசு வக்கீல் ஒருவர் தனித் தரப்பாக உட்கார்ந்திருப்பார். அவர் உங்கள் எதிரி அல்ல, உங்கள் வக்கீலும் அல்ல. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர், எண்கள் தெளிவாக இருந்தால் இன்ன தொகை கொடுக்கலாம் என்று அவரே பரிந்துரைப்பதும் உண்டு. முறையாக நோட்டீஸ் போயிருந்தால் கான்ட்ராக்டர் வராவிட்டாலும் விசாரணை நடக்கும்.

வேகம்தான் இந்தச் சேவையின் பெரிய குறை. எல்லாம் மாதக் கணக்கு, ஓராண்டைத் தாண்டுவதும் சாதாரணம். நீதிபதியின் பரிந்துரைக்குப் பின் கமிஷனின் உத்தேச உத்தரவு வரும், ஆட்சேபிக்க 20 நாள், அது முடிந்தபின் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 30 நாள். இவையெல்லாம் கழிந்த பிறகே செக். கூரையில் ஓட்டை இருப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது. கைப்பணத்தில் முடித்துவிட்டு பில்களை வைத்துக் கோருவதில் தவறில்லை. அதே நஷ்டத்துக்குக் கோர்ட்டில் வழக்கும் போட்டிருந்தால் அது முடியும்வரை ஃபண்ட் விவகாரம் நிறுத்திவைக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பக்கத்து வர்ஜீனியாவிலும் இப்படி ஒரு ஃபண்ட் உண்டு, ஆனால் அங்கே முதலில் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வரவேண்டும். அதோடு ஒப்பிட்டால் மேரிலாந்து வீட்டுக்காரருக்கு எவ்வளவோ சுலபம். ஃபண்ட் கொடுத்த தொகையைக் கான்ட்ராக்டர் 10 சதவீத ஆண்டு வட்டியோடு திருப்பிக் கட்டும்வரை அவருடைய லைசென்ஸும் முடங்கிக் கிடக்கும். அதனாலேயே, கோரிக்கை பதிவானதும் தானாக வந்து சமரசம் பேசுபவர்கள் உண்டு. அப்படிப் பேசினால் பணம் வங்கியில் ஏறும்வரை கோரிக்கையைத் திரும்பப் பெறாதீர்கள்.

இன்னும் வேலை தொடங்காதவர்களுக்கு: தொழிலாளர் துறையின் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பெயரையும் காலாவதி தேதியையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தின்போது ஒப்பந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டெபாசிட் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. மிச்சத்தை முடிந்த வேலைக்குப் பின்னால் போகும்படி தவணையாகப் பிரியுங்கள்: ஃப்ரேமிங் (சுவர்ச் சட்டக) இன்ஸ்பெக்ஷன் தேறியபின் இவ்வளவு, டிரைவால் முடிந்தபின் இவ்வளவு, கடைசி 10 சதவீதம் எல்லாம் சரிபார்த்த பின் என்று.