47 மைக்ரோவை 47 ஆகவே காட்டுவது எது?

கெப்பாசிட்டரின் மேல் 47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த மதிப்பைப் பைத்தான் நிரல் மொழியில் அறிவியல் குறியீட்டில் கேட்டால் 4.7×10⁻⁵ என்று வரும். தப்பில்லை. ஆனால் படிப்பவர் புள்ளியை ஓர் இடம் தள்ளித்தான் கையில் இருக்கும் பாகத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பொறியியல் குறியீட்டில் பத்தின் அடுக்கு எப்போதும் 3-இன் மடங்கு: 47×10⁻⁶. மைக்ரோ என்றால் 10⁻⁶, அதனால் பார்த்ததும் மைக்ரோ என்று வாயில் வந்துவிடும். 1975-இல் வந்த ஹெச்பி-25 கால்குலேட்டரிலேயே இந்த வசதி இருந்தது. நிரல் மொழிகளில் இன்னும் எல்லா இடத்திலும் வந்து சேரவில்லை.

ஃபோர்ட்ரான் 90 இதற்கென்றே 'ஈஎன்' என்ற வடிவக் குறியைத் தந்தது. எழுத எளிது. ஆனால் அதில் நாம் சொல்வது தசம இடங்களின் எண்ணிக்கை. மூன்று இடம் என்றால் 4.700-இல் நான்கு இலக்கம், 470.000-இல் ஆறு. அளக்கும் கருவி இரண்டு இலக்கம்தான் காட்டியது என்றால், இந்தப் பூஜ்யங்கள் உண்மையில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்கின்றன. எனக்கு இது பெரிய குறை.

ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முழு எண்ணுக்கு மூன்று இடம், அதில் ஒன்று மட்டும் கட்டாயம், புள்ளிக்குப் பின் இரண்டு என்று வார்ப்பு கொடுத்தால், 12345 என்பது 12.3×10³ ஆகிறது, 12.34 ஆவதில்லை. அது எண்ணுவது முக்கிய இலக்கங்களை, அதாவது புள்ளிக்கு முன்னும் பின்னும் சேர்த்து மொத்த இலக்கங்களை: கட்டாயமான ஒன்றும் பின்னுள்ள இரண்டும் சேர்ந்து மூன்று. முதல் தடவை பார்ப்பவருக்குக் குழப்பம்தான், ஆனால் அளவீட்டுக்கு இதுவே நியாயம். ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் நம்பர்ஃபார்மட்டில் 'எஞ்சினியரிங்' என்ற தேர்வே உண்டு. முக்கிய இலக்கங்களின் உச்ச வரம்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 987654321 என்பது 987.654×10⁶ என்று நீளும்.

பைத்தானில்தான் ஏமாற்றம். டெசிமல் என்ற எண் வகையில் 'டூ எங் ஸ்ட்ரிங்' (பொறியியல் வடிவில் எழுது என்று பொருள்) இருக்கிறது, பெயரை நம்பி 0.000047-ஐக் கொடுத்தால் 0.000047 என்றே திரும்பி வரும். சாதாரணமாக எழுத முடிகிற எண்ணை அது அடுக்காக மாற்றுவதே இல்லை. 0.00000047 கொடுத்தால்தான் 470×10⁻⁹ கிடைக்கும். வரைபடத்தின் அச்சுக்கு மட்டும் என்றால் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தின் எங்ஃபார்மட்டர் போதும்.

சி மொழியில் எண்ணை அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் இது கிடையாது, கையால்தான் எழுத வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 0.9999 ஆம்பியரை மூன்று இலக்கத்துக்குச் சுருக்கும்போது, அடுக்கை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் முழுமையாக்கினால் 1000×10⁻³ என்று வந்து நிற்கும். முதலில் அறிவியல் குறியீட்டில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குங்கள், அதில் வரும் அடுக்கை எடுத்துக்கொண்டு பிறகு புள்ளியை நகர்த்துங்கள். 1.00 ஆம்பியர் என்றே வரும்.