டைனோ அறிக்கையில் எனக்குப் பிடிக்காத அந்த ஒரு வரி

கிளட்ச் மாற்றிய கையோடு காரை மறுபடியும் டைனோவில், அதாவது சக்கரங்களை உருளைகள் (ரோலர்) மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் மெஷினில், ஏற்றினேன். அறிக்கையைப் பார்த்த நண்பர், "இன்ஜின்ல இருந்து சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள எவ்வளவு பவர் போகுதுன்னு இதுல சரியாத் தெரியுமா?" என்று கேட்டார். ஒரே காரைப் பல வருடங்களாக ஒரே ரோலர் டைனோவில் ஓட்டிப் பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சக்கரத்தில் கிடைக்கும் பவரைப் பொறுத்தவரை மெஷின் அருமை. அதே கியர், அதே டயர் காற்றழுத்தம், நன்றாகச் சூடேறிய கியர் ஆயில் இருந்தால் போதும், அடுத்தடுத்த ஓட்டங்களின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்.

எரிச்சலே அதற்கு மேலே தடித்த எழுத்தில் வரும் 'இன்ஜின் பவர்' வரிதான். அதை யாரும் அளக்கவில்லை. இழப்பு 15 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கிலும் ஒற்றுமை இல்லை: சக்கரத்தில் 100 குதிரைத்திறன் வந்தால், 1.15-ஆல் பெருக்குபவர் 115 என்பார், 0.85-ஆல் வகுப்பவர் 117.6 என்பார். 200 குதிரைத்திறன் இன்ஜினை டியூன் செய்து 400 ஆக்கினால், இந்தக் கணக்குப்படி இழப்பும் 30-லிருந்து 60 ஆகிவிடும். கியர்பாக்ஸ் அதேதான், பேரிங் அதேதான், ஆயிலும் அதேதான். பல்சக்கர உராய்வு டார்க்கோடு (முறுக்குவிசை) கூடும், சரி. ஆனால் ஆயிலைக் கலக்குவதற்கும் சீல்களின் உராய்வுக்கும் ஆகும் இழப்பு வேகத்தைப் பொறுத்தது, இன்ஜின் பவரைப் பொறுத்தது அல்ல. எல்லாமே ஒரே விகிதத்தில் எப்படி இரட்டிக்கும்?

கோஸ்ட் டவுன் முறை இதைவிட எவ்வளவோ மேல். ஓட்டம் முடிந்ததும் கியரை எடுக்காமல் கிளட்சை மட்டும் மிதித்துப் பிடிக்க வேண்டும். ரோலரின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை வைத்து ஒவ்வொரு வேகத்திலும் இழப்பைக் கணக்கிடுவார்கள். இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. காரைக் கட்டும் ஸ்ட்ராப்பை இறுக்கினால் டயர் ரோலரில் அழுந்தி, சக்கரத்துப் பவர் குறையும். 15 சதவீதக் கணக்கில் இன்ஜினே பலவீனமானதுபோல் தெரியும். கோஸ்ட் டவுனில் இழப்பும் கூடவே ஏறுவதால், சக்கரத்துப் பவரும் இழப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும்.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. கிளட்சை மிதித்த பிறகு பல்சக்கரங்களில் இன்ஜின் சுமை கிடையாது, அதனால் சுமையோடு வரும் உராய்வு கணக்கில் சேராது. அப்புறம், சிறிய ரோலரில் டயர் சாலையில் இருப்பதைவிட அதிகமாக வளைந்து நசுங்கும். அந்த இழப்பும் கியர்பாக்ஸ் தலையில்தான் விழுகிறது.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க நான் இதே டைனோவுக்குத்தான் போவேன். டிரைவ்டிரெயின் இழப்பு, அதாவது இன்ஜினிலிருந்து சக்கரம் வரை வழியில் போகும் பவர், எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் காசு கொடுப்பதாக இருந்தால், நண்பரே, போகவே வேண்டாம்.