சினிமாவுக்குப் பாட்டா, சொந்தப் பாட்டா?

எழுதி, பாடி, நடித்து, குறும்படமும் எடுக்கிற நெல்லைக்காரர் தன் நல்ல மெட்டை எங்கே கொடுப்பது?

சினிமா என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். பெயர் சீக்கிரம் பரவும், நடிக்கவும் கூப்பிடுவார்கள். ஆனால் பாட்டின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளர் வழியாக ஆடியோ கம்பெனிக்குப் போய்விடும். 2012 காப்புரிமைத் திருத்தப்படி, தியேட்டருக்கு வெளியே பாட்டு ஓடி வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள சரிபங்கைத் தயாரிப்பாளரோ ஆடியோ கம்பெனியோ எழுதி வாங்க முடியாது. “மொத்தமா எழுதிக் குடுத்துருங்க தம்பி” என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சொந்தமாக வெளியிட்டால் பாட்டும் உங்களுடையது, ஒலிப்பதிவும் உங்களுடையது. நாளைக்கு உங்கள் படத்திலேயே அதை வைக்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். ஒலியும் இங்கேயே கிடக்கிறது: கோயில் கொடைத் திருவிழா வில்லுப்பாட்டில் வில்லின் மணிச்சத்தம், குடத்து வாயில் விழும் அடி. (வில்லுப்பாட்டுப் புலவரிடம் கேட்டு, சம்பளம் பேசிப் பதிவு செய்யுங்கள். போனில் திருட்டுத்தனமாக எடுப்பது அசிங்கம்.) வீடியோவுக்குத் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையின் காலை வெயில் போதும்.

வருமானம்? ஸ்பாட்டிஃபை, யூடியூப் காசில் வீட்டு வாடகை தேறாது. கல்யாணக் கச்சேரியோ எடிட்டிங் வேலையோ கூடவே ஓட வேண்டும்.

என் ஓட்டு சொந்தப் பாட்டுக்கே. நான்கைந்து பாட்டு வெளியே வந்தபின் சென்னைக்குப் போனால் பேரத்தில் கை ஓங்கும்.