தேங்காய் மாவு வாஃபிள்: மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சுட்ட அனுபவம்

என் மகளுக்கு இப்போது பத்து வயது. 2022 ஜூனில், ஏழு வயதில், அவளுக்கு சீலியாக் நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வயது ஏறியும் எடை ஏறவில்லை. சோகைக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை. இந்த நோயில் இரத்தத்தில் கூடும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பரிசோதித்து, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைச் சிதைக்கிறது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் வைத்தியம்.

நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, களி என்று நம் சமையலில் பாதிக்கு மேல் இவளுக்கு ஆகும். அதனால் வீட்டுச் சாப்பாட்டில் பெரிய கஷ்டம் வரவில்லை. கஷ்டம் வெளியேதான். கூடப் படிக்கும் பெண்ணின் பிறந்தநாளை ஒரு வாஃபிள் கடையில் வைத்திருந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் சாக்லேட் ஊற்றிய வாஃபிளைப் பிய்த்துத் தின்ன, இவள் மட்டும் ஒரு மணி நேரம் ஜூஸ் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டாள்: “அம்மா, அந்தக் கட்டம் கட்டமா இருக்குமே, அதை நம்ம வீட்டுல நம்ம மாவுல சுட முடியாதா?”

அன்றைக்கு ஆரம்பித்தது. பரீட்சை, காய்ச்சல், ஊர்ப்பயணம் தவிர ஞாயிறு காலை என்றால் எங்கள் வீட்டில் வாஃபிள்தான். அரிசி மாவில் தொடங்கினேன். சூட்டோடு தின்றால் பரவாயில்லை, ஆறியதும் வறட்டி மாதிரி விறைத்துப்போனது. பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர்தான் தேங்காய் மாவைப் பற்றிச் சொல்லி ஒரு பாக்கெட்டும் கொடுத்தனுப்பினார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தேங்காய் மாவும் கடையில் கிடைக்கும் காய்ந்த தேங்காய்த் துருவலும் ஒன்றல்ல. துருவலில் எண்ணெய் அப்படியே இருக்கும். பாலையோ எண்ணெயையோ பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்து நைசாக அரைத்தால் கிடைப்பதுதான் தேங்காய் மாவு. துருவலை மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் விட்டுக்கொண்டு களிம்பாகும். அதில் வாஃபிள் சுட்டால் எண்ணெய் கசிந்து கருகும். நானே இரண்டு முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டேன்.

அந்த முதல் பாக்கெட்டை நான் வீணடித்த கதைதான் இதைப் படிப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். மைதா ஒரு கப் என்றிருந்த இடத்தில் தேங்காய் மாவு ஒரு கப் போட்டேன். ஊற்றிய பாலை முழுக்கக் குடித்துவிட்டு ஈர மணல் போலக் கிடந்தது. இன்னும் பால், இன்னும் பால் என்று ஊற்றிக் கரைத்து மெஷினில் விட்டால், மூடியைத் திறந்ததும் மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி. இந்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்ச்சத்து, அதனால்தான் அப்படி உறிஞ்சுகிறது. மைதா ஒரு கப் போகும் இடத்தில் இது கால் கப், மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு கப் போதும். குளூட்டன் இல்லாததால் பிடித்துக்கொள்ள இதில் எதுவும் கிடையாது. அந்த வேலையை முட்டைதான் செய்ய வேண்டும். தோசை மாவு கரைக்கும் நினைப்பை விட்டுவிட்டு, முட்டைக் கலவையில் கொஞ்சம் தேங்காய் மாவு சேர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் கை தானாகச் சரியான பதத்துக்கு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்புறம் முட்டையின் அளவு. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் பெரிய முட்டை நான்கு என்று இருக்கும். அங்கே பெரிய முட்டை என்றால் ஓட்டோடு ஏறத்தாழ 57 கிராம். எங்கள் தெருக் கடைக்கு நாமக்கல்லிலிருந்து வரும் முட்டையை எடை போட்டுப் பார்த்தேன்; பெரும்பாலும் 50 கிராமைச் சுற்றித்தான் இருந்தது, சிலது அதற்கும் கீழே. நான்கு முட்டையில் கிட்டத்தட்ட அரை முட்டை குறைகிறது. வாஃபிள் நடுவில் பிளந்துகொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கியதிலிருந்து கப் கணக்கையே விட்டுவிட்டேன்.

இப்போது என் அளவு இது. ஓடு நீக்கிய முட்டை 200 கிராம், அதாவது நம்மூர் முட்டை நாலரை. ஐந்தாகப் போட்டாலும் கெட்டுப்போகாது. தேங்காய் மாவு 60 கிராம். உருக்கிய வெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. பால் 80 மில்லி. மரவள்ளிக் கிழங்கு மாவு இரண்டு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எங்கள் வட்ட மெஷினில் நான்கு வாஃபிள் வரும். மரவள்ளி மாவு கட்டாயமில்லை, ஆனால் அது இருந்தால்தான் மேலே மொறுமொறுப்பு நிற்கிறது. இல்லாவிட்டால் கேக் போல மெத்தென்று இருக்கும். அத்தைக்கு மெத்தென்றுதான் பிடிக்கும், மகளுக்கு மொறுமொறு. பேக்கிங் பவுடர் டப்பாவில் சேர்மானங்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். சோள மாவு சேர்த்ததாக இருந்தால் கவலையில்லை, சிலதில் கோதுமை ஸ்டார்ச் இருக்கலாம்.

முட்டையை நுரை வர அடித்து, பால், வெண்ணெய் சேர்த்து, மாவைச் சலித்துப் போட்டுக் கலக்கிவிட்டு, பத்து நிமிடம் தொடாமல் வைத்துவிடுவேன். முதலில் நீர்க்க இருக்கிறதே என்று பயந்து மாவு சேர்த்துவிடாதீர்கள். நார் மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். பத்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து கட்டியாக, விட்டுவிட்டு விழும் பதத்துக்கு வந்துவிடும். கடைசி வாஃபிள் ஊற்றும்போது இன்னும் இறுகியிருந்தால் ஒரு கரண்டி பால் விட்டுக்கொள்ளலாம்.

மார்கழிக் காலையில் ஒரு விஷயம் படுத்தியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையில் உருக்கிய எண்ணெயை ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாகத் திரண்டுவிட்டது. சுட்டபோது அங்கங்கே ஓட்டை. இப்போதெல்லாம் முட்டையை முந்தின இரவே வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். மறந்துபோனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் சரியாகிவிடும்.

சர்க்கரையை மாவில் சேர்ப்பதில்லை. சர்க்கரை சூட்டில் பாகாகித் தட்டில் ஒட்டும், மேலே கருகிய பிறகும் உள்ளே வேகாமல் நிற்கும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஊற்றிக்கொள்ளலாம். நாங்கள் கருப்பட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டி, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை போட்டு வைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் நறுக்கிய நேந்திரம் பழம். தேங்காய் வாசனைக்கும் கருப்பட்டிக்கும் உள்ள உறவைக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மெஷின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தவறு செய்யும் இடம் இது. மகள் கேட்ட வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்கா தன் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். “வாங்கறதுக்கு முன்னால இதுல சுட்டுப் பாரு கண்ணு” என்றார். திறந்து பார்த்தேன், பளபளவென்று துடைத்திருந்தார். ஆனால் அந்தக் குழிகளின் ஓரத்திலும் கீல் பக்கத்திலும் பழைய மாவு பழுப்பாக இறுகியிருந்தது. அன்போடு கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு சங்கடம்! உட்கார வைத்து விவரமாகச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டார். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது. அவ்வளவு சின்ன அளவுக்குப் பயப்பட வேண்டிய நோய் இது. மைதா பட்ட வாஃபிள் மெஷினை எவ்வளவு கழுவினாலும் நம்பக் கூடாது, அதை தண்ணீரில் முக்கிக் கழுவவும் முடியாது. சீலியாக் இருக்கும் வீட்டில் புது மெஷின், அவர்களுக்கென்றே தனியாக. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வாஃபிள் கடைகளில் குளூட்டன் இல்லாத மாவு இருக்கிறது என்று சொன்னாலும், மைதா வாஃபிள் சுடும் அதே மெஷினில்தான் சுடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

நான் வாங்கிய முதல் மெஷின் 750 வாட். பச்சை விளக்கு எரிந்தால் வெந்துவிட்டது என்று அட்டையில் போட்டிருந்தது. மைதாவுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தேங்காய் மாவுக்கு விளக்கை நம்ப முடியாது. ஓரத்தில் வரும் ஆவியைத்தான் பார்க்க வேண்டும். குபுகுபுவென்று வரும் ஆவி அடங்கி, நூல் போல ஆன பிறகும் ஒரு நிமிடம் விட்டால், மூடி லேசாகத் தானே எழும்பும். எங்கள் மெஷினில் இதற்கு ஐந்தரை, ஆறு நிமிடம் ஆகிறது. நடுவில் திறந்து எட்டிப் பார்த்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்த முதல் வருடத்தில் பொறுமை இல்லாமல் எத்தனையோ வாஃபிளைப் பிரித்திருக்கிறேன்.

தட்டில் தடவ ஸ்ப்ரே டப்பா எண்ணெய் பயன்படுத்தியது நான் செய்த இன்னொரு தவறு. அதில் இருக்கும் லெசித்தின் சூட்டில் பிசினாகப் படிந்து, நான்ஸ்டிக் பூச்சு ஒட்டத் தொடங்கிவிட்டது. ஒட்டியதை எடுக்க ஸ்டீல் முள்கரண்டியால் நோண்ட, பூச்சு உரிந்தது. ஒன்றரை வருடத்தில் அதைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. இரண்டாவது மெஷினில் சிலிகான் பிரஷ்ஷால் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், மரக்குச்சியால் மட்டும் எடுக்கிறேன், சூடு ஆறியதும் ஈரத் துணியால் துடைக்கிறேன். இதுவரை ஒரு கீறல் இல்லை.

எடுத்த வாஃபிளைத் தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் வியர்த்துத் தொளதொளத்துவிடும். கம்பித் தட்டில் தனித்தனியாக வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். ஆறிய பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கிறது. பள்ளி நாள் காலையில் அப்படியே டோஸ்டரில் போட்டால் புதிதாகச் சுட்டதைவிடக்கூட மொறுமொறுப்பாக வருகிறது. டோஸ்டரும் இவளுக்குத் தனி.

மாவை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். ஆப்பத்துக்குப் பால் பிழியும் நாளில் சக்கையை இன்னொரு முறை வெந்நீர் விட்டுப் பிழிந்து, தாம்பாளத்தில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிப்பேன். மணம் கடை மாவைவிடத் தூக்கல். ஆனால் கையால் பிழிவதால் எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும். அதனால் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும்; 60 கிராமுக்குப் பதில் 70, 75 தேவைப்படும். வெளியே வைத்தால் சீக்கிரமே காறல் வாசனை வந்துவிடும், ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கடை மாவிலும் கம்பெனிக்குக் கம்பெனி உறிஞ்சும் அளவு மாறுகிறது. புது பாக்கெட் பிரித்தால் முதல் தடவை பாலைப் பாதி ஊற்றிவிட்டுப் பதம் பார்த்து மீதியை விடுங்கள்.

கார வாஃபிள்தான் என் வீட்டுக்காரருக்கு. பாலுக்குப் பதில் தயிர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நுணுக்கிய மிளகு. தக்காளிச் சட்னியோடு பிரமாதம். இதில் பெருங்காயம் போடும்போது கவனம் தேவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். மகளுக்குச் சாப்பாட்டை மாற்றி ஆறு மாதம் ஆகியும் டிடிஜி அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்தச் சின்ன பெருங்காய டப்பாவில் கண்டேன். தினமும் சாம்பாரில், ரசத்தில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று அழுதுவிட்டேன். அதை மாற்றிய பிறகு வந்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை குறைவில்லை, நான் வாங்கும் அரைக் கிலோ மாவு 300 ரூபாய் அளவில் வருகிறது, அதில் எட்டு தடவை சுடலாம், ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து முட்டை. முட்டை வாசனை பிடிக்காதவர்களுக்கு ஏலக்காயோ வெனிலாவோ போட்டாலும் லேசாகத் தெரியும். நார்ச்சத்து அதிகம் என்பதால் குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை போதும். மகள் ஒருமுறை மூன்று தின்றுவிட்டு நாள் முழுக்க வயிறு உப்பிக் கிடந்தாள். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

முட்டை இல்லாமல் செய்வதில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் அத்தை முட்டை தொட மாட்டார். ஆளிவிதைப் பொடியை ஊறவைத்துப் போட்டுப் பார்த்தேன். தேங்காய் மாவு மட்டும் என்றால் உள்ளே களியாகவே நின்றது. போன வருடம் தேங்காய் மாவு 30 கிராம், பச்சரிசி மாவு 70 கிராம், இசப்கோல் ஒரு மேசைக்கரண்டி, புளிக்காத தயிரும் தண்ணீரும் விட்டுக் கரைத்து எட்டு நிமிடம் சுட்டேன். உடையாமல் முழுதாக வந்தது, ஓரம் மொறுமொறுவென்று அடை போல இருந்தது. அத்தை கருப்பட்டிப் பாகு ஊற்றி முழுதும் சாப்பிட்டுவிட்டு, “வாஃபிள்னு சொல்லாத, கட்டம் போட்ட அடைன்னு சொல்லு, நல்லாத்தான் இருக்கு” என்றார். இந்தப் புரட்டாசிக்கு அரிசியைக் குறைத்து, அவித்து மசித்த மரவள்ளிக் கிழங்கு கொஞ்சம் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.