‘நிலையான முகவரி’ என்று எனக்கு விற்கப்பட்டது: வீட்டிலிருந்து இணையத்தளம் நடத்த எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து, அதிலிருந்து சொந்த இணையத்தளத்தை நடத்தலாம் என்று எண்ணுகிற வன்னி உறவுகள், அதற்காக எந்தக் கடையிலும் பணம் கட்டுவதற்கு முன்னர் இதை ஒருமுறை வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரையோ இணைய சேவை நிறுவனத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. ஏமாற்றப்பட்ட விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். அது வேறு ஊரில் வேறு கடையிலும் அப்படியே நடக்கக்கூடியது.

நான் ஒட்டுசுட்டானுக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வயலுக்கும் காட்டுக்கும் நடுவே பெயர் மட்டும் மிஞ்சிக் கிடக்கிற சிறு குளங்களின் பெயர்களையும், அவற்றைச் சொல்லித்தந்த முதியவர்களின் குரல்களையும், கோவலன் கூத்துப் பாடிய அண்ணாவிமாரின் ஒலிப்பதிவுகளையும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். 2009இல் எங்கள் குடும்பப் படங்கள் அத்தனையும் பதுங்குகுழியோடு போயின. அதனால் இந்தச் சேகரிப்பு எங்கோ ஒரு வாடகைக் கணினியில், கட்டணம் ஒரு மாதம் தவறினால் அழிந்துபோகிற நிலையில் இருப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் என் கண்முன்னே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இந்த விருப்பத்தைக் கடைக்காரரிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னதுதான் நான் விட்ட முதற்பிழை என்று மகள் இன்றும் சொல்கிறாள்.

2025 தைப்பொங்கல் முடிந்த வாரத்தில், ஏ9 வீதியோர நகரமொன்றில் உள்ள கணினிக் கடையில் 162,000 ரூபாய் கட்டினேன். வன்தட்டுடன் கணினிக்கு 95,000, மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றுக்கு 24,000, இணைய இணைப்புக்கு ‘நிலையான முகவரி’ (வெளியார் தேடி வரக்கூடிய, மாறாத பொது எண்) பெற்றுத்தர 18,000, தளத்தின் பெயரைப் பதிவு செய்ய 9,500, பாதுகாப்புச் சான்றிதழுக்கு 9,500, வீட்டுக்கு வந்து பொருத்துவதற்கு 6,000 என்று அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் துண்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் ‘கணினியும் பொருத்துதலும் – 162,000’ என்று ஒரே வரியில் எழுதினார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளில் படிமுறை எழுதாத விடைக்குப் புள்ளி குறைத்தவன், அதை வாசித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, என் கைத்தொலைபேசியை வாங்கித் தளத்தின் பெயரைத் தட்டினார். சிவப்பு நிறத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் அதைத் தள்ளிவிட்டார். முத்தையன்கட்டுக் குளக்கட்டின் படத்தோடு முகப்புப் பக்கம் திறந்தது. “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ சேர், இனி உலகமே பார்க்கும்” என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிரவு ரொறன்ரோவிலுள்ள என் பெறாமகளுக்குச் சொன்னேன். “சித்தப்பா, சுத்திக்கொண்டே நிக்குது, திறக்கேல்லை” என்றாள். கடைக்காரரைக் கேட்டபோது, புதிய பெயர் உலகம் முழுவதும் பரவ 72 மணி நேரம் எடுக்கும் என்றார். அதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் அது நல்ல சாட்டு. பெயர் மாற்றங்கள் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள்வரை ஆவதுண்டு. 72 மணி நேரம் முடிந்ததும் கனடாப் பக்கத்தில் தடை என்றார். பிறகு ரவுட்டரின் மென்பொருள் பழையது என்றார். பிறகு தன் தாயாருக்குச் சுகமில்லை என்றார். இப்படியே வாரங்கள் போயின.

உண்மையைக் கண்டுபிடித்தவள் மகள். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தன் தொலைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே தொலைபேசியில் திறந்தது. வை-ஃபையை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசித் தரவில் மீண்டும் தட்டினாள், சுற்றிக்கொண்டே நின்றது. தளத்தின் பெயர் ஒவ்வொன்றும் ஒரு கணினியின் எண்முகவரியைச் சுட்டும். அதன்பின் மடிக்கணினியில் அந்தப் பெயர் எந்த எண்ணுக்குப் போகிறது என்று தேடிப் பார்த்தாள். விடை 192.168.1.20 என்று வந்தது.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் வழங்குபவை. வெளியுலகில் அவற்றுக்குப் பொருள் கிடையாது. கடைக்காரர் எங்கள் தளத்தின் பெயரை எங்கள் வீட்டுக் கணினியின் உள்ளக எண்ணுக்கே பதிந்துவைத்திருந்தார். அதனால்தான் அவர் என் வீட்டில், என் வை-ஃபையில், என் தொலைபேசியில் திறந்து காட்டியபோது அது ஒழுங்காகத் திறந்தது. பெறாமகளின் கணினியோ ரொறன்ரோவில் அவளுடைய வீட்டுக்குள்ளேயே அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. இது தவறுதலாக நடந்திருக்கும் என்று எவரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வெளியில் திறக்காது என்பது தெரிந்த ஒருவர்தான் வை-ஃபையை நிறுத்தாமல் காட்டுவார். ஆகவே யாராவது உங்களுக்குத் தளத்தைத் திறந்து காட்டினால், முதலில் வை-ஃபையை நிறுத்துங்கள். முடியுமானால் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட தொலைபேசியில் திறக்கச் சொல்லுங்கள்.

இதைச் சுட்டிக்காட்டியதும் அவர் வந்து பெயரைப் புதிய எண்ணுக்கு மாற்றினார். இணையத்தளத்துக்கான கோரிக்கைகள் வந்துசேரும் 80, 443 ஆகிய வாயில்களை ரவுட்டரில் கணினிக்குத் திருப்பிவிடுவதாகச் சொல்லி மேலும் 5,000 ரூபாய் வாங்கினார். அப்போதும் திறக்கவில்லை. இந்த இடத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வன்னியில் வீட்டுக்கு 4ஜி ரவுட்டர் வைத்திருப்போர் பலரும் இங்கேதான் தடுக்கி விழக்கூடும்.

கைத்தொலைபேசிகள் ஊருக்குள் வருவதற்கு முந்தைய காலத்தில், வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு பேச நாங்கள் கொமினிகேசன் கடைக்குப் போவோம். அந்தக் கடையின் ஒரே இலக்கத்திலிருந்து ஊரே பேசும். பிள்ளை திருப்பி எடுத்தால் மணி கடையில்தான் அடிக்கும். கடைக்காரர் ஒரு பொடியனைச் சைக்கிளில் அனுப்பி எங்களைக் கூப்பிட்டால்தான் உண்டு. இன்று பல இணைய சேவை நிறுவனங்கள் செய்வதும் இதுவே. நாம் பொதுவாகப் பயன்படுத்தும் நான்கு பகுதி எண்முகவரிகளின் உலகளாவிய கையிருப்பில் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அவை போதாமையால், நிறுவனங்கள் ஒரே பொது எண்ணின் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கின்றன. இந்த இடைநிலைப் பயன்பாட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. இந்த முறையில் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் கோரிக்கை தடையின்றிப் போகும், அதற்கான பதிலும் வந்துசேரும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக உங்கள் கணினியைத் தேடி வந்தால், அவருடைய கோரிக்கை நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடும். சைக்கிளில் வரும் பொடியன் இங்கே இல்லை. உங்கள் ரவுட்டரில் எத்தனை வாயில்களைத் திறந்துவைத்தாலும் இதில் மாற்றம் வராது.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி இணைப்புக்குரிய எண் எதுவென்று பாருங்கள். பிறகு உலாவியில் ‘என்னுடைய ஐ.பி. எது’ என்று கேட்டு, வருகிற எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது எண் உங்களிடமே இருக்கிறது. வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் உள்ளது மேற்சொன்ன எண்களிலோ 10 என்றோ தொடங்கினால், வெளியார் உங்களிடம் நேரே வர வழியில்லை. எங்கள் ரவுட்டரில் இருந்தது 100.72 என்று தொடங்கியது. சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு நானே அழைத்தபோது, அந்த இணைப்புக்கு நிலையான முகவரி கேட்டு எவரும் எப்போதும் விண்ணப்பிக்கவில்லை என்றார்கள். ஆக, 18,000 ரூபாய் எந்த நிறுவனத்துக்கும் போகவில்லை.

சான்றிதழ் என்று 9,500 வாங்கியதும் அப்படித்தான். லெட்ஸ் என்கிறிப்ட் என்ற அமைப்பு அதை எவருக்கும் இலவசமாகத் தருகிறது. காலாவதியாகும் முன் அதைப் புதுப்பிப்பதையும் கணினியே தானாகச் செய்துகொள்ளும். எங்கள் கணினியில் சான்றிதழ் ஏதும் பெறப்படவே இல்லை. அவர் அவசரமாகத் தள்ளிவிட்ட அந்தச் சிவப்பு எச்சரிக்கை சொன்னது இதைத்தான்.

யூ.பி.எஸ். கதை சிறியது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்றார். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி. பெருக்கினால் 84 வாட் மணி. 60 வாட் இழுக்கும் கணினிக்கு, இழப்புகள் எதுவும் இல்லாவிட்டாலும் அது ஒன்றரை மணி நேரத்தை எட்டாது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்களுடையது நான்கு நிமிடம் நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பற்றரியின் பக்கங்கள் பலாக்காய் போல் வீங்கியிருந்தன. வாங்கும்போதே கடையில் ஒரு மின்குமிழை யூ.பி.எஸ்ஸில் செருகி, சுவர்ச் செருகியை இழுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அன்று கணினி திடீரென நின்றதன் பிறகு சில ஒலிப்பதிவுகள் திறக்க மறுத்தன. மகள் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியால் வன்தட்டின் உட்பதிவை வாசித்தாள். அந்தத் தட்டு அதுவரை இயங்கிய நேரம் 29,140 மணி என்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ‘புத்தம்புதிய’ தட்டு, அதற்கு முன் எங்கோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாகச் சுழன்றிருக்கிறது. மேலட்டையைப் பார்த்தால் அது கண்காணிப்புக் கமெராப் பெட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் வகை. பழைய தட்டை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றிருந்தால் நானே வாங்கியிருக்கக்கூடும். விண்டோஸ் கணினியில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இந்த மணிக்கணக்கு முதற்பக்கத்திலேயே தெரியும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். மூலப் பதிவுகளின் இன்னொரு பிரதி பென் டிரைவில் இருந்ததால் என் குரல்கள் தப்பின. அவற்றில் இரண்டுக்கு உரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது பெயர். தளத்தின் பெயரை அவர் தன்னுடைய கணக்கில், தன்னுடைய மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார். அதைக் கேட்டபோது, மாற்றித்தர 40,000 ரூபாய் என்றார். அதற்கிடையில், எப்படியும் சரிவந்துவிடும் என்று நம்பி, வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கொடுப்பதற்காக அந்தப் பெயரோடு 500 துண்டுப்பிரசுரங்களை அச்சடித்திருந்தேன். பெயரைப் பதிவு செய்யும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் திறவுங்கள். வேறொருவர் தன் அட்டையால் பணம் கட்டித்தந்தாலும் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

பொங்கல் முடிந்த பிறகுதான் முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். என்னுடைய மூன்று மாதம் சித்திரையிலேயே கழிந்துவிட்டிருந்தது. 72 மணி நேரமும், கனடாத் தடையும், தாயாரின் சுகவீனமும் எதற்காக அடுத்தடுத்து வந்தன என்பது அப்போது விளங்கியது. அதே சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முதல் வாரத்திலேயே அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தாலும், ஒற்றை வரிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபித்திருப்பேன் என்பது வேறு கேள்வி.

இப்போது தளம் வேறொரு பெயரில், அலுமாரிக்குப் பக்கத்திலிருந்தே இயங்குகிறது. அந்தக் கணினியைத் தூக்கிவைத்துவிட்டு, 5 வாட் அளவே எடுக்கும் சிறு பலகைக் கணினியொன்றைப் போட்டிருக்கிறோம். மாதம் 43 அலகு குடித்த இடத்தில் இப்போது நாலு அலகுக்குள் முடிகிறது. வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லாததால், உள்ளேயிருந்து வெளியே ஒரு சுரங்கப்பாதையைக் கணினியே திறந்துவைத்து, அதன் வழியாகப் பார்வையாளர்களை அழைத்துவருகிறது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. வெளியில் ஒரு சிறு வாடகைக் கணினி வைத்திருப்பவர்கள் வயர்கார்ட் என்ற மென்பொருள் மூலம் தாமே செய்துகொள்ளலாம். வேறொருவருடைய வாசலைத்தான் இன்னும் நம்பியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். பதிவுகளாவது என் வீட்டில் இருக்கின்றன.

பழைய பெயரின் பதிவு வருகிற தை மாதத்தோடு முடிகிறது. அவர் புதுப்பிக்காவிட்டாலும் அது உடனே விடுபடாது; சலுகைக் காலமும், அதற்குப் பின் முப்பது நாள் மீட்புக் காலமும், மேலும் ஐந்து நாளும் கழிந்தால்தான் எவரும் எடுக்கலாம். மகள் பங்குனி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். 500 துண்டுப்பிரசுரங்களும் கட்டுப் பிரிக்காமல் அலுமாரியின் மேல் இருக்கின்றன.