இரண்டு படங்களுக்கு நடுவே இரண்டு நிமிட இருட்டு

பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில், லெபோ பாசார் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய கடைவீட்டு மாடியில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை குறும்படம் போடுகிறார்கள். இருபத்திரண்டு நாற்காலிதான். டிக்கெட் 25 வெள்ளி (ரிங்கிட்), இஞ்சித் தேநீரும் அதில் சேர்த்தி. நடத்துவது ஓர் இளம் சீனத் தம்பதி. ஆள் அதிகம் வந்தால் உட்கார வைக்க இடமில்லை, இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் எழுதவில்லை. பூமாலைக் கடைக்காரர்களிடம் "படம் போடுற மாடி எது?" என்று கேட்டால் கைகாட்டி விடுவார்கள்.

இந்த முறை ஜப்பானிய அனிமேஷன் குறும்படங்கள், ஆறு. பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் தொடர்கள் போன்றவை அல்ல. பெரும்பாலும் ஒரே ஆள், மேசை முன்னால் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஒவ்வொரு தாளாக வரைந்து முடித்த படங்கள். பத்து வருடமாக இவற்றைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். எல்லாம் கைப்பேசியில்தான்: பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும்போது ஒன்று, பள்ளி ஓய்வு நேரத்தில் ஒன்று. ஒரு படம் முடிவதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளிவிடும்.

இங்கே அந்த விரலுக்கு வேலையே இல்லை. ஒரு படம் முடிந்ததும் விளக்குப் போடுவதில்லை, யாரும் பேசுவதில்லை. முழு இருட்டில் இரண்டு நிமிடம். அதற்குப் பிறகுதான் அடுத்த படம். முதல் தடவை ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். மூன்றாவது இடைவெளியில் அதற்காகவே காத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பேரங்காடித் திரையரங்கில் இதே மாதிரி ஒரு குறும்படத்தைப் பெரிய படத்துக்கு முன்னால் ஒட்டவைத்துப் போட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சனம் சோளப்பொரியோடு இருக்கை எண் தேடிக்கொண்டிருந்தது. யாரோ மாதக்கணக்கில் வரைந்ததை அப்படிச் செலவழித்ததைப் பார்த்து மனசு கொதித்தது. அந்த ஆற்றாமை இந்த மாடியில்தான் ஆறியது.

முதல் படம் ஒசாமு தெசுகாவின் 'ஜம்பிங்', 1984. ஆஸ்ட்ரோ பாயை உருவாக்கிய அதே தெசுகாதான். ஒரு பிள்ளை சாலையில் குதித்துக் குதித்துப் போகிறது. பிள்ளையை நாம் பார்ப்பதில்லை. நாமே அந்தக் கண். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிட உயரம். மரத்துக்கு மேல், கட்டடத்துக்கு மேல், கடல் தாண்டி, ஒரு போர்க்களத்தின் நடுவில். இடையில் வெட்டே கிடையாது, ஆறு நிமிடமும் ஒரே ஓட்டம். சுவரளவு படத்தில் பார்த்தபோது ஒவ்வொரு முறை தரை எழும்பி வரும்போதும் அடிவயிறு கலங்கியது. கைப்பேசியில் ஒரு நாளும் எனக்கு அப்படி ஆனதில்லை.

அடுத்தது கோஜி யமமுராவின் 'அதாமயாமா', 2002. 'தலைமலை' என்று சொல்லலாம். கஞ்சன் ஒருவன் செர்ரிப் பழத்தின் கொட்டையைத் துப்ப மனமில்லாமல் அதையும் சேர்த்து விழுங்குகிறான். உச்சந்தலையில் மரம் முளைக்கிறது. மரம் பூத்ததும் ஊரே தலைமேல் ஏறிப் பாய் விரித்துக் குடித்துக் கும்மாளம் போடுகிறது. ஆத்திரத்தில் மரத்தைப் பிடுங்கி எறிகிறான். அந்தக் குழியில் மழைநீர் தேங்கிக் குளமாகிறது, அங்கேயும் ஆள் வருகிறது. முடிவைச் சொல்லமாட்டேன். ஜப்பானில் ரக்குகோ என்று ஒரு கலை உண்டு, ஒருவரே உட்கார்ந்து கதை சொல்வது. அதில் வழங்கிவந்த பழைய கதை இது. படத்தில் குனிமொட்டோ தகேஹாரு ஷாமிசென் வாத்தியத்தை மீட்டிக்கொண்டே பேசுகிறார், பாடுகிறார், இழுக்கிறார், திட்டுகிறார். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எழுத்து வெள்ளை, பின்னணியும் வெளிர். பாதி வரிகளை வாசிக்க முடியவில்லை. நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

அட்சுஷி வாதாவின் 'தி கிரேட் ராபிட்' 2012இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்ற படம். மெல்லிய பென்சில் கோட்டில் உருண்டையான மனிதர்கள், மெதுவான அசைவுகள். எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் திரும்பப் பார்ப்பேன். மிராய் மிசுயேயின் 'ஒண்டர்' வேறு ரகம். நாளுக்கு ஒரு விநாடி என்று 365 நாள் வரைந்தது. விநாடிக்கு 24 ஓவியம், ஆக மொத்தம் 8,760. நிறம் நிறமாக உயிரணுக்கள் பிறந்து, வீங்கி, பிரிந்துகொண்டே போகின்றன. மார்கழி முழுக்கத் தவறாமல் வாசலில் கோலம் போடும் என் அத்தைதான் ஞாபகத்துக்கு வந்தார்.

நான் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி வந்தது ஐந்தாவது படத்துக்காக. நவோயுகி த்சுஜி கரித்துண்டால் வரைகிறவர். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுத்தாள் எடுக்கமாட்டார். ஒரே தாளில் வரைந்து, படம் பிடித்து, அழித்து, அதன்மேலேயே அடுத்ததை வரைவார். அழித்தது முழுதாகப் போகாது, தடம் நிற்கும். அவருடைய மேகக் கதைகள் மூன்று, 2005இல் வந்தவை. மேகம் நகர்ந்த பிறகும் அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பின்னால் இன்னும் மங்கலாக இன்னொன்று. கைப்பேசியில் அது எனக்கு வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது. இந்தச் சுவரில், கை தேய்த்த திசைகூடத் தெரிகிறது. ஓர் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு தேய்ப்பு, கீழிருந்து மேலே. யாரும் அவசரப்பட்டுத் துடைத்தது இல்லை அது.

என்னோடு வந்தது பழைய மாணவன் ஒருவன், இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இருட்டில் பேசக்கூடாது என்று தெரிந்தும் காதருகே குனிந்தான்.

"டீச்சர், இது நம்ம கிளாஸ் கரும்பலகை மாதிரியே இருக்கே. கணக்கை அழிச்சிட்டுத் தமிழ் எழுதுவீங்களே, அடியில கணக்கு தெரியும்."

பதினெட்டு வருடமாகத் தமிழ்ப்பள்ளியில் கரும்பலகை துடைக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு வந்த இரண்டு நிமிட இருட்டை இருவரும் முழுதாக எடுத்துக்கொண்டோம். வெளியே மழை பிடித்து, தகரக் கூரையில் விழும் சத்தம் மட்டும்.

கடைசி, குனியோ கட்டோவின் 'ட்சுமிகி நோ இயே', 2008. பன்னிரண்டு நிமிடம், அடுத்த ஆண்டு ஆஸ்கார் வாங்கிய படம். ஊரில் தண்ணீர் ஏற ஏற ஒரு முதியவர் வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போகிறார். ஒரு நாள் அவருடைய புகைக்குழாய் தவறித் தண்ணீரில் விழுகிறது. அதை எடுக்க, தான் வாழ்ந்த வீடுகள் வழியாக ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்குகிறார். முன்பெல்லாம் இது கொஞ்சம் தித்திப்பான படம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்தத் தீவில், மழைச் சத்தத்தோடு, முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் கண் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே பார்த்தபோது வேறு படமாக இருந்தது. 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் முட்டிக்கு மேல் தண்ணீர். அப்பாவின் படப்பெட்டி மிதந்துபோனதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று தேநீர் குடிக்கும்போது அந்த அம்மாவிடம் சொன்னேன். "எங்க வீட்டுல தையல் மெஷின் போச்சும்மா" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப் போக வேண்டாம். ஏர்கோன் சத்தம் வாதாவின் அமைதியான படத்தைக் கெடுத்தது, அதற்கு மட்டுமாவது அணைத்திருக்கலாம். படம் முடிந்த பின் நடந்த கலந்துரையாடல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. பாதியில் எழுந்து வந்தோம். உட்காருவதென்றால் மூன்றாவது வரிசை நடு. முதல் வரிசையில் கழுத்து வலிக்கும்.

திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். கைப்பேசியை மேசையில் நிறுத்தி, கரும்பலகையில் ஒரு 'வாவ்', மலாய்க்காரர்களின் காற்றாடிப் பட்டம். வரை, ஒரு படம் எடு, அழி, கொஞ்சம் தள்ளி வரை. 96 படம் எடுத்தோம், விநாடிக்கு 12 வீதம் எட்டு விநாடி ஓடியது. பட்டம் மேலே போனது, வால் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தடம். "டீச்சர், நல்லா அழிக்கல" என்று ஒரு பிள்ளை டஸ்டரை எடுத்தது. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அடுத்த மாதம் கிஹாச்சிரோ கவமொட்டோவின் பொம்மைப் படங்கள், 1976இல் எடுத்த 'தோஜோஜி'யும் உண்டு. மூன்று நாற்காலிக்குப் பணம் கட்டிவிட்டேன். ஒன்று அத்தைக்கு, படியேற நாங்கள் இருவரும் கைத்தாங்கலாக வருவோம்.