பழைய சட்டங்களை அடியோடு நீக்குவதா, அப்படியே வைத்திருப்பதா?

திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டை மாதிரியாகக் காட்டி விலை பேசினால், மூட்டையின் அடியில் இருப்பதும் அதே தரமாக இருக்க வேண்டும். இந்த விதி இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது. அதைக் கிழித்தெறிய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கம்பனிச் சட்டத்துக்கு, பழையதை அப்படியே வைத்திருக்கும் அந்த வழி பொருந்தாது. 1938இன் கட்டளைச் சட்டத்தை 1982இன் சட்டம் நீக்கியது. அதையும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. முன்பு தனியார் கம்பனிக்குக்கூடப் பங்குதாரர் இருவர் தேவை. தனியாக உழைத்த கடைக்காரர், மைத்துனரின் பெயரையும் சேர்த்து எழுத நேர்ந்தது. 2007க்குப் பின் ஒருவரே போதும். பங்கின் முகப்பெறுமதியும், அதாவது பங்குக்கென்று குறித்து வைக்கும் நிலையான பெறுமதியும், ஒழிந்தது. இங்கே அடியோடு நீக்கியதுதான் சரி.